எழுபத்து மூவாயிரம் பேருக்கு நான்கு கோபுரங்கள்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விருத்தாசலத்தின் மக்கள்தொகை 73,585. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இதைவிடப் பெரிய ஊர்கள் உண்டு. ஆனால் சமவெளியின் ஊடாக இவ்வூரை நெருங்குபவர் கண்ணில் முதலில் படுவது எழுபதாயிரம் பேருக்குரிய ஊராகத் தெரிவதில்லை. வீடுகளும் கடைகளும் புலப்படுவதற்கு முன்பே பழமலைநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரங்கள் வானத்தில் ஏறி நிற்கின்றன. திசைக்கு ஒன்றாக நிற்கும் அந்த நான்கும், ஊரைச் சுற்றிவரும் சாலையில் நகர நகர ஒன்றையொன்று மறைத்து, விலகி, மீண்டும் நெருங்குகின்றன. பத்து லட்சம் பேர் வாழும் பல நகரங்களுக்கு இப்படி வானத்தில் ஒரு கோடு இல்லை. சில சின்ன ஊர்களுக்கு மட்டும் அது எப்படி வாய்க்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உயரத்தை ஊரின் தலைக்கணக்கால் வகுத்துப் பார்த்து வியப்பதுதான் வழக்கம். அந்த வகுத்தலில் நாம் எடுத்துக்கொள்ளும் தலைக்கணக்கே தவறானது என்பது என் வாதம். ஓர் ஊரின் வான்கோடு அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. அவ்வூருக்கு வந்துபோகும் மனிதர்களின் வட்டத்தையே அது காட்டுகிறது. சரக்கை வெளியே அனுப்பி வாழும் ஊர் பக்கவாட்டில் பரவுகிறது. மனிதர்களைத் தன்னிடம் வரவழைத்து வாழும் ஊர் மேல்நோக்கி எழுகிறது. இந்த இரண்டு வகை வாழ்க்கையும் ஒரே நகராட்சி எல்லைக்குள் இருப்பதால் விருத்தாசலம் இந்த வாதத்துக்கு நல்ல ஆய்வுக்களம்.

முதலில் எழக்கூடிய மறுப்பு, இதெல்லாம் கண்ணின் மயக்கம் என்பது. சுற்றிலும் எல்லாம் தாழ்ந்திருந்தால் எதுவும் உயரமாகத்தான் தெரியும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பூமியின் வளைவை மட்டும் கணக்கில் கொண்டால், 30 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியைத் தரையில் நிற்கும் ஒருவர் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவு வரை பார்க்க இயலும். 60 மீட்டர் உயரமென்றால் அந்தத் தொலைவு 32 கிலோமீட்டர் ஆகும். உயரத்தை இரு மடங்காக்கினாலும் தெரியும் தொலைவு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதாவது தட்டையான நிலத்தில் முதல் முப்பது மீட்டர்தான் பெரும்பலன் தருகிறது. மரங்களும் புழுதியும் பனிமூட்டமும் இந்தத் தொலைவை வெகுவாகக் குறைத்துவிடும். இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 50 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முழுநிலவின் விட்டத்தைவிடச் சற்று நெட்டையாகத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் என்பது நடந்து வருபவருக்கு ஒரு மணி நேரத் தொலைவு. அந்த ஒரு மணி நேரமும் நிலவைவிடப் பெரிதாக ஓர் உரு அவருக்கு முன்னே நிற்கிறது. ஆகவே சமவெளியும் தாழ்ந்த சுற்றமும் துணைசெய்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் இடையில் தட்டையான நிலத்தில் தாழ்ந்த வீடுகளோடு நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் நான்கு ஏழுநிலைக் கோபுரங்கள் அமையவில்லை. நிலத்தின் தன்மை வாய்ப்பைக் காட்டுகிறது. அந்த வாய்ப்பைக் குறிப்பிட்ட ஓர் ஊர் ஏன் பயன்படுத்திக்கொண்டது என்பதற்கு அது விடையாகாது.

விடையின் ஒரு பகுதி கட்டுமானப் பொருளில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் அடி முதல் முடி வரை கருங்கல். 1010ல் நிறைவேறிய அந்தப் பணிக்கு ஒரு பேரரசின் களஞ்சியம் தேவைப்பட்டது. அதை ஒட்டி இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய விமானத்துக்கும் அப்படியே. சோழர் காலத்தின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கோயிலின் உயரம் கருவறைக்கு மேலிருந்து வாயிலுக்கு மேலே இடம் மாறியது. கருவறையைப் பிரித்துப் பெரிதாகக் கட்டப் பின்வந்தவர்கள் தயங்கினார்கள். விருத்தாசலத்தில் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய கருவறைப் பகுதி அளவில் அடக்கமானது. இன்றும் ஊரின் வான்கோட்டில் அதற்குப் பங்கில்லை. பின்வந்த கொடையாளர்கள் புதிய திருச்சுற்றுகளையும் வாயில்களையும் சேர்த்தார்கள். வெளியே செல்லச் செல்ல வாயில்கள் உயர்ந்தன. அந்த உயரத்துக்கு வழிவிட்டது செங்கல். கோபுரத்தின் அடிப்பகுதி, அதாவது வாயிலும் அதன் இருபுறச் சுவர்களும், கருங்கல்லால் ஆனவை. அதற்கு மேலுள்ள நிலைகள் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேனியில் சுதை உருவங்கள். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ளதைவிடக் குறுகுவதாலும், உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுவதாலும், எடை குறைந்து உயரம் கூடுகிறது. தொலைதூர மலையிலிருந்து கல் கொண்டுவர வேண்டிய தேவை அடிப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. மேலே செல்வதெல்லாம் உள்ளூர் மண்ணும் உள்ளூர்ச் சூளையும் உள்ளூர்க் கொத்தனார் கையும்தான். பேரரசால் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்த உயரத்தை ஒரு நாட்டுப்பகுதியின் வருவாய்க்குள் கொண்டுவந்தது இந்த முறை. தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே கருதுகிறேன். தஞ்சை விமானத்தைப் பற்றி நூல்கள் குவிந்திருக்கின்றன. சிற்றூர்களுக்கு வானத்தைத் திறந்துவிட்ட செங்கல் நிலைகளைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

செலவு குறைந்தாலும் அதைத் தாங்க யாரோ வேண்டும். இங்கேதான் தலைக்கணக்கு பிழையாகிறது. விருத்தாசலம் கோயிலின் பொருளாதாரம் ஊர் எல்லைக்குள் அடங்கியது என்றைக்குமே இல்லை. சோழர் காலக் கோயில்களில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடையாக விடப்படும். அந்த ஆடுகள் சுற்றுவட்டாரத்து இடையர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் நெய் அளக்க வேண்டும். நிலக்கொடைகளும் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும். கோயிலின் கணக்கு என்பது ஒரு பெரும் நிலப்பரப்பின் கணக்கு. மூவரும் தேவாரத்தில் பாடிய தலம் என்பதால் தலப்பயணிகளின் பாதையில் திருமுதுகுன்றம் எனப்பட்ட இவ்வூர் நிலையான ஓர் இடத்தைப் பெற்றது. மாசிமகத்தன்று மணிமுத்தாற்றில் நீராடக் கூடும் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் சிறுபான்மையே. இங்குள்ள கோபுரங்களை இந்த ஊரின் எழுபதாயிரம் பேரால் வகுப்பதைவிட, மாசிமகத்துக்கு வண்டி கட்டி வந்த ஊர்கள் அத்தனையின் மக்களாலும் வகுப்பதே முறை. அப்படி வகுத்தால் வியப்பு குறையும், ஆனால் விளக்கம் கிடைக்கும். கோபுர வாயிலின் உட்சுவர்களில் சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் இருப்பதுபோன்ற நாட்டியக் கரணச் சிற்பங்கள் இங்கும் உள்ளன. ஒரு சுற்றுலாத் தலமாகப் பெயரெடுக்காத ஊரில் அந்தத் தரத்து வேலை நடந்திருக்கிறது என்றால், அதைப் பார்க்க வந்தவர்களின் வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிற கோயில் ஊர்களும் இதையே சொல்கின்றன. சிதம்பரத்தின் மக்கள்தொகை 2011ல் ஏறத்தாழ 62,000. அங்கும் நான்கு ஏழுநிலைக் கோபுரங்கள், நாற்பது மீட்டர் அளவில். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேர். பதினொரு நிலையுடன் 192 அடிக் கோபுரம். இவற்றோடு கோயம்புத்தூரையும் திருப்பூரையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2011ல் கோயம்புத்தூர் மாநகராட்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். திருப்பூரில் நான்கு லட்சத்து நாற்பதாயிரம் பேர். பின்னலாடையால் உலகச் சந்தையில் இடம்பிடித்த திருப்பூரைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே ஓர் உருவமும் மனத்தில் பதியாது. அவை பிற்காலத்தில் வளர்ந்த ஊர்கள், பழைய கோபுரம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயின் நாட்டுப் பெனிதோர்மைக் காட்டலாம். 1950களின் தொடக்கத்தில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த மீனவர் ஊர். 1956ல் மேயர் பெத்ரோ சரகோசாவின் காலத்தில் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் அதை உயர்ந்த கட்டடங்களின் ஊராக்கியது. இன்று அங்கே நிலையாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது விருத்தாசலத்தின் அளவே. 2002ல் திறக்கப்பட்ட ஒரு விடுதி மட்டும் 186 மீட்டர் உயரம். கடற்கரையை நாடி ஆண்டுதோறும் வந்திறங்கும் பயணிகளின் கூட்டத்தைக் கணக்கில் சேர்த்தால்தான் அந்த உயரத்துக்குப் பொருள் கிடைக்கிறது. திருப்பூரும் பெனிதோர்மும் ஏறத்தாழ ஒரே அரை நூற்றாண்டில் செல்வம் சேர்த்த ஊர்கள். ஒன்று ஆடையை வெளியே அனுப்பியது, தாழ்ந்த கூடங்களாகப் பரவியது. மற்றது மனிதர்களை வரவழைத்தது, வானத்தில் ஏறியது.

விருத்தாசலத்தின் மறுபாதிக்கு, அதன் பீங்கானுக்கு, இப்போது வரலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன் அகற்ற வேண்டிய மேல்மண்ணில் வெண்களிமண் படிவும் உண்டு. 1956ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியபின், அந்தக் களிமண்ணை அருகிலேயே பயன்படுத்தும் எண்ணத்தோடு விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழிலை வளர்த்தது. சிறுதொழில் கூடங்கள், பொதுச் சூளை, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம் எல்லாம் அமைந்தன. தேநீர்க் கோப்பை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, அகல், மின்சாரப் பியூஸ் கட்டை என்று இங்கிருந்து போகும் பொருள்கள் நம் வீடுகளில் கண்ணில் படாமல் கிடக்கின்றன. இத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது; குறிப்பாகப் பெண்களின் கைத்திறன் அதைத் தாங்கியிருக்கிறது. ஆனாலும் ஊரின் வான்கோட்டில் அது ஒரு புள்ளியைக்கூட வைக்கவில்லை. களிமண் அரைக்கும் உருளையும், அச்சு வார்க்கும் மேசையும், காயவைக்கும் பலகையும், சூளைக்குள் தள்ளும் வண்டியும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஈரப் பாத்திரத்தை மாடி ஏற்றி இறக்குவது உடைவுக்கு வழி. எனவே கூடங்கள் நீளமாகவும் தாழ்வாகவும் அமைகின்றன. அதைவிட முக்கியமான காரணம், கோப்பையை வாங்குபவர் கூடத்தைத் தேடி வருவதில்லை என்பது. சரக்கு லாரியில் போகிறது. தொலைவிலிருந்து தெரிய வேண்டிய தேவை அதற்கு இல்லை. பீங்கானும் கோபுரச் செங்கல்லும் சுட்ட மண்தான். ஒரே வட்டாரத்து மண் ஒரு தொழிலில் வானத்தைத் தொடுகிறது, மற்றொன்றில் தரையோடு தங்குகிறது. வேறுபாடு மண்ணில் இல்லை. யார் யாரிடம் போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

தொழிலுக்கும் உயரம் உண்டே, நெய்வேலியின் புகைபோக்கிகள் எந்தக் கோபுரத்தையும்விட உயரமானவை அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நூறு மீட்டரைத் தாண்டுவது, புகையை மேல்காற்றில் கலந்து நிலமட்டத்தில் நச்சைக் குறைப்பதற்காக. நிலக்கரியின் அளவும் காற்றின் போக்கும் அந்த உயரத்தை முடிவு செய்கின்றன. அது யாரையும் அழைப்பதில்லை. தன் சாம்பல் யார் மீதும் விழாமல் இருக்கவே உயர்கிறது. நெய்வேலி நகரியத்தில் 2011ல் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தனர். திட்டமிட்ட வட்டங்களில் தாழ்ந்த வீடுகள், மரங்கள், உயரமெல்லாம் ஆலையில். வான்கோடு என்று நாம் பேசுவது பார்க்கப்படுவதற்காகக் கட்டப்பட்ட உயரத்தை. தற்செயலாகத் தெரியும் உயரம் வேறு.

அடுத்த மறுப்பு வலுவானது. கோபுரங்கள் அரசர்களின் பெருமைக்காக எழுந்தவை, ஊர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அதில் என்ன பங்கு என்பது. கிருஷ்ணதேவராயர், நாயக்கர்கள், அவர்களுக்கு முன் காடவராயர்கள் என்று பெயர்கள் அடுக்கப்படும். தொடங்கியவர்கள் பலர் அரசர்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அரசரின் விருப்பம் மட்டும் போதுமென்றால் தமிழ்நாட்டில் மொட்டைக் கோபுரங்கள் இருந்திருக்கக் கூடாது. திருமலை நாயக்கர் மதுரையில் தொடங்கிய இராயகோபுரம் அடிப்பகுதியோடு நின்றுபோனது. திருவண்ணாமலையின் 217 அடி இராசகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார். முடித்தது தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில், வேறொரு வம்சத்தின் கையால். திருவரங்கத்தின் தெற்கு இராசகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் அடிப்பகுதியாகவே நின்றது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் முன்னின்று திரட்டிய கொடையால் 1987ல்தான் 236 அடிக்கு எழுந்தது. அப்போது அரியணையில் எந்த அரசரும் இல்லை. பக்தர்களின் வருகை இருந்தது. ஜெர்மனியின் உல்ம் நகரத் தேவாலயத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1377ல் பத்தாயிரம் பேர் அளவில் வாழ்ந்த அந்த ஊர் மக்கள் அடிக்கல் நாட்டினர். 161 மீட்டர்க் கோபுரம் முடிந்தது 1890ல். அரசர் தொடங்கலாம், முடிப்பதும் பேணுவதும் வந்துபோகும் கூட்டத்தின் வேலை. செங்கல்லும் சுதையும் மழையில் கரையும். விரிசலில் ஆலங்கன்று வேர்விடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் நடக்காவிட்டால் ஏழுநிலைக் கோபுரம் சில தலைமுறைகளில் மண்மேடாகிவிடும். இன்று நிற்கும் ஒவ்வொரு கோபுரமும் இடைவிடாத கொடையின் சான்று.

கூட்டம் நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்கு விருத்தாசலத்துக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் தலைநகராக இருந்த இடம் இன்று ஒரு கிராமம். ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட விமானத்தை அந்தக் கிராமத்தின் தலைக்கணக்கால் வகுத்தால் உலகிலேயே வியப்பான விகிதம் கிடைக்கும். ஆனால் அந்த விகிதத்துக்கு எந்தப் பொருளும் இல்லை, ஏனெனில் அதைக் கட்டிய நகரம் மறைந்துவிட்டது. கருங்கல் என்பதால் விமானம் நின்றது. காக்க ஆளில்லாத சுற்றுமதிலின் கற்கள் பெயர்க்கப்பட்டு, 1836ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணைக்குப் போயின. இத்தாலியின் சான் ஜிமிஞானோவும் இத்தகையதே. வளமிருந்த காலத்தில் ரோமுக்குச் செல்லும் யாத்திரைப் பாதையில் இருந்த அந்த ஊரில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று நிற்பவை 14, மக்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. மீந்த கோபுரங்களைக் காக்கும் பணம் இப்போது சுற்றுலாப் பயணிகளிடமிருந்து வருகிறது.

இந்த உயரங்களைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஓர் உண்மை உண்டு. நான் சொல்லும் 'வரவழைக்கப்பட்டவர்கள்' எல்லோரும் உள்ளே அனுமதிக்கப்பட்டவர்கள் அல்லர். செங்கல் அறுத்தவர்களிலும், சுண்ணாம்பு சுமந்தவர்களிலும், கோயில் நிலத்தில் உழுதவர்களிலும் பெரும்பகுதியினருக்கு 1939 வரை, பல இடங்களில் 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரை, வாயிலைத் தாண்டும் உரிமை இல்லை. அவர்களுக்கு எட்டியது தொலைவிலிருந்து கோபுரத்தைக் கும்பிடுவது மட்டுமே. கோபுரத்தின் உயரம் பரந்த ஒரு வட்டத்தை ஊரோடு இணைத்தது என்று சொல்லும்போது, அந்த வட்டத்தின் ஒரு பகுதியை அதே உயரம் வெளியிலேயே நிறுத்திவைத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இது என் வாதத்தை முறிக்கவில்லை. வட்டத்தின் கணக்கில் உழைப்பை மட்டும் கொடுத்தவர்களும் உண்டு என்று காட்டுகிறது. அந்த வான்கோட்டில் அவர்களுக்கு இருக்கும் உரிமை கொடையாளரின் உரிமைக்குக் குறைந்ததல்ல.

வந்துபோகும் மக்களுக்காக எழுந்தது இந்த வான்கோடு என்றால், அதைக் காக்கும் விதியும் அந்தக் கண்ணோட்டத்திலிருந்தே பிறக்க வேண்டும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997ல் அரசு ஆணையிட்டது. நல்ல விதி. ஆனால் வட்டம் போட்டு உயரத்தைக் கட்டுப்படுத்துவது கோயிலுக்கு அருகில் நிற்பவருக்கே உதவும். தொலைவிலிருந்து வருபவரின் பார்வை ஒரு சில பாதைகளில்தான் ஓடுகிறது. விருத்தாசலத்தில் உளுந்தூர்பேட்டைச் சாலை, சேலம் சாலை, கடலூர்ச் சாலை, பெண்ணாடத்திலிருந்து வரும் சாலை, விழுப்புரம்–திருச்சி ரயில் பாதை, மணிமுத்தாற்றுப் பாலம் ஆகியவை அந்தப் பாதைகள். திருமண மண்டபமும் விளம்பரப் பலகையும் கைப்பேசிக் கோபுரமும் அவற்றின் ஓரங்களிலேயே பெருகுகின்றன. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் மதுரை விதி போன்ற ஒன்று இங்கே வந்தாலும் அவற்றைத் தொடாது. ஒவ்வொரு பாதையிலும் நான்கு கோபுரங்களும் முதலில் தெரியும் இடத்தை அளந்து குறித்து, அங்கிருந்து கோயில் வரையிலான பார்வைக் கோட்டில் மட்டும் கட்டட உயரத்துக்கு வரம்பு வைத்தால் போதும். அந்தக் கோடு குறுகலானது. ஊரின் பெரும்பகுதி நிலத்தை அது தொடாது. மாடி கட்ட விரும்புவோருக்கு மற்றத் திசைகள் திறந்தே இருக்கும். நகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து ஒரு வரைபடத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. பாதையோர மனைகள் பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு தளத்தில் நிற்கும் இப்போதே செய்தால் யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியிராது.